தெரிந்த சொல்லிலிருந்து தெரியாத சொல்லுக்கு

அன்பு மாணவர்களே,

தினமும் புதுச்சொற்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அதற்கு முன்னால், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆங்கிலச் சொற்களோடு எந்தப் பின்னொட்டு சேரும் என்று பாருங்கள். ஒரு சொல்லை வைத்தே மூன்று, நான்கு பெயரடைகள் கைக்கு வந்துவிடும்.

'கேர்' எல்லாருக்கும் தெரியும். 'ஃபுல்' சேர்ந்தால் கேர்ஃபுல், 'லெஸ்' சேர்ந்தால் கேர்லெஸ். தமிழில் பயனுள்ள, பயனற்ற என்கிறோமே, அதே வேலைதான். இந்த 'லெஸ்'ஸைக் 'குறைவு' என்று நினைத்துவிடக் கூடாது. 'இல்லாத' என்று பொருள் தந்த பழைய ஆங்கிலச் சொல் ஒன்றிலிருந்து வந்தது இது. அதனால்தான் ஹோம்லெஸ் என்றால் வீடே இல்லாதவர். ஆனால் ப்ரைஸ்லெஸ் என்பதை இலவசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விலைமதிப்பற்றது என்று பொருள். அப்புறம், எல்லாச் சொல்லுக்கும் இரண்டு ஒட்டும் வராது. பியூட்டிஃபுல் உண்டு, பியூட்டிலெஸ் என்று யாரும் சொல்வதில்லை. சந்தேகம் வந்தால் அகராதியைப் புரட்டத்தான் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஏபிள்'. லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த ஒட்டு இது. ஆனாலும் ரீட், வாஷ் போன்ற அசல் ஆங்கில வினைகளோடும் கூச்சமில்லாமல் சேர்கிறது: ரீடபிள், வாஷபிள். வாசிக்கத்தக்க, துவைக்கத்தக்க. இதே ஒலியில் 'ஐ' எழுத்தோடு எழுதப்படும் விசிபிள், ஆடிபிள் போன்றவற்றில் ஒட்டை நீக்கினால் தனியாக நிற்கும் ஆங்கிலச் சொல் மிஞ்சாது. மிஞ்சுவது லத்தீன் வேர். ஸ்பெல்லிங் குழப்பத்துக்கு இது பெரும்பாலும் கைகொடுக்கும், எப்போதும் அல்ல.

நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது 'இங்', 'எட்' இரண்டிலும்தான். சலிப்பாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து 'ஐ ஆம் போரிங்' என்கிறார்கள். கேட்பவருக்கு 'நான் ஒரு அறுவை ஆள்' என்று ஆகிவிடும்! உணர்ச்சியை உண்டாக்குவது 'இங்', அதை அனுபவிப்பவர் 'எட்'. பாடம் இன்ட்ரஸ்டிங், மாணவர் இன்ட்ரஸ்டட். இதை மட்டுமாவது இன்று வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

'இக்' ஒட்டில் உச்சரிப்பே மாறும். அணுவைக் குறிக்கும் 'ஆட்டம்' முதல் அசையில் அழுத்தம் பெறும். 'அட்டாமிக்' இரண்டாம் அசையில். எக்கானமி, எக்கனாமிக் இரண்டிலும் அழுத்தம் எப்படி இடம் மாறுகிறது என்று, இப்போதே, என்னோடு சேர்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.