அளந்து ஊற்றிய பாதிக் கோப்பை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சரித்திர நாவலை எடுத்துக்கொண்டு, அதைப் படித்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பேசுங்கள் என்று நிலையத்தில் சொன்னார்கள். எந்த நாவல் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் எழுதிய 'கிட்நாப்ட்' நாவலைப் போன மாதம்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் முடித்தோம். நான் நூலகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கூட்டத்துக்குப் பத்துப் பேர் வருவார்கள். ஆங்கிலம் சரளமாகப் படிக்கிறவர்கள் மூன்று பேர்தான். அதனால் ஒவ்வொரு அத்தியாயமாக நான் வாசித்து, அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். ஸ்காட்லாந்து நாட்டுப்புறப் பேச்சு கலந்த ஆங்கிலம் அது. சில இடங்களில் எனக்கே நாக்கு புரளாது. ஆனாலும் ஒரு வாரம்கூட யாரும் வராமல் இருந்ததில்லை.

கதை 1751ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு காலைப் பொழுதில் தொடங்குகிறது. டேவிட் பால்ஃபர் என்ற 17 வயதுப் பையன். அம்மா முன்பே போய்விட்டாள். எட்ரிக் காட்டுப் பக்கத்துக் கிராமத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த அப்பாவும் இப்போது இறந்துவிட்டார். வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பையன் தெருவில் நிற்கிறான். ஊர்ப் பாதிரியார் ஒரு கடிதம் கொடுக்கிறார். எடின்பரோவுக்குப் பக்கத்தில், கிராமண்ட் என்ற ஊரில், ஷாஸ் மாளிகை என்ற பெரிய வீட்டுக்கு அதைக் கொண்டுபோக வேண்டும். அங்கே அவனுக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார். அப்படி ஒருவர் இருப்பதே பையனுக்கு அதுவரை தெரியாது.

போகிற வழியில் ஷாஸ் மாளிகைக்கு எப்படிப் போவது என்று கேட்டால் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒரு பெண் அந்த வீட்டையே சபிக்கிறாள். போய்ப் பார்த்தால் பாதி கட்டி அப்படியே விட்ட வீடு. சித்தப்பா எபனேசர் கதவைத் திறக்கவே துப்பாக்கியோடுதான் வருகிறார். உள்ளே ஓட்ஸ் கஞ்சியும் ஒரு கோப்பை நீர்த்த பீரும் இருக்கின்றன, ஒரு ஆளுக்கு மட்டும். மறுநாள் காலையில் பையன் தனக்கும் குடிக்க வேண்டும் என்று கேட்கிறான். சித்தப்பா அலமாரியிலிருந்து இன்னொரு கோப்பையை எடுக்கிறார். பீப்பாயிலிருந்து பிடித்துத் தருவார் என்று நாம் நினைக்கிறோம். அவரோ தன் கோப்பையில் இருப்பதில் சரி பாதியை, சிந்தாமல், அளந்து மற்றதில் ஊற்றுகிறார்.

இந்த இடத்தில்தான் எங்கள் கூட்டத்தில் முதல் வாக்குவாதம் வந்தது. ஹென்றி ஜேம்ஸ் பெரிய நாவலாசிரியர், ஸ்டீவன்சனின் நெருங்கிய நண்பர். அவர் 1888இல் ஸ்டீவன்சனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 'கிட்நாப்ட்' நாவலை மனதாரப் பாராட்டும் அந்தக் கட்டுரையில் இரண்டு குறைகளையும் சொல்கிறார். முதல் குறை, இந்தக் கஞ்சச் சித்தப்பா பழைய கதைகளில் பார்த்துச் சலித்த ஆள் என்பது. நான் அதைச் சொன்னதும் கல்லூரியில் படிக்கிற இரண்டு பிள்ளைகள், "ஆமாம் சார், கார்ட்டூன் மாதிரி இருக்கிறார்" என்றார்கள்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு தையற்காரர் வருவார். அறுபது வயதுக்கு மேல். எட்டு மாதமாக வருகிறார், அதுவரை வாய் திறந்து ஒரு கருத்தும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார்: "அண்ணே, நான் மாமா வீட்டில் வளர்ந்தவன். தட்டில் சோறு போடும்போது கரண்டி ஒரு கணம் நிற்கும். போடலாமா, போதுமா என்று. மற்றப் பிள்ளைகளுக்குப் போடும்போது நிற்காது. வெளி ஆள் யாருக்கும் அது கண்ணில் படாது. இந்த நாவல்காரர் அதைப் பார்த்திருக்கிறார்." அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஹென்றி ஜேம்ஸின் எழுத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் எங்கள் தையற்காரர் பக்கம். ஐந்து மாடிப் படிக்கட்டில் விளக்கில்லாமல் மேலே ஏறிப் பெட்டி எடுத்துவரச் சொல்கிறாரே சித்தப்பா, படிகள் பாதியில் முடிந்து வெறும் காற்று இருப்பதை மின்னல் வெளிச்சத்தில் பையன் பார்க்கிறானே, அது கொஞ்சம் நாடகத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோப்பை நாடகம் இல்லை.

சித்தப்பா பையனை ஏமாற்றிக் கப்பல் தலைவன் ஒருவனிடம் ஒப்படைக்கிறார். அமெரிக்காவின் கரோலினாப் பக்கம் கொண்டுபோய் அடிமையாக விற்றுவிடுவதாக ஏற்பாடு. நடுக்கடலில், மூடுபனியில், அந்தக் கப்பல் ஒரு படகின் மேல் மோதுகிறது. அதிலிருந்து தப்பி ஏறுகிறவன்தான் ஆலன் பிரெக் ஸ்டூவர்ட். குள்ளமான ஆள், வெள்ளிப் பொத்தான் வைத்த நீலக் கோட்டு, அளவில்லாத கர்வம். அவன் கற்பனைப் பாத்திரம் இல்லை, சரித்திரத்தில் இருந்தவன்.

கொஞ்சம் சரித்திரம் சொன்னால்தான் இது விளங்கும். 1746 ஏப்ரலில் கலோடன் போரில் அரியணை இழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காக எழுந்த ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குலங்கள் தோற்றன. அதற்குப் பிறகு அவர்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, தங்கள் பாரம்பரிய உடையைக்கூட உடுத்தக் கூடாது என்று சட்டம் வந்தது. தலைவர்களின் நிலங்கள் பறிமுதலாயின. நாட்டைவிட்டுப் பிரான்சுக்கு ஓடிய தலைவர்களுக்காகக் குடியானவர்கள் இரண்டாவது குத்தகை ஒன்றைத் தாங்களாகவே கட்டினார்கள். ராஜாவுக்கு ஒன்று, தங்கள் தலைவனுக்கு ஒன்று. அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு போகிறவன்தான் ஆலன். நம் டேவிடோ சமவெளிப் பையன், ராஜா ஜார்ஜின் கட்சி. இருவரும் எதிரெதிர் முகாம். ஆனால் கப்பல்காரர்கள் ஆலனைப் பணத்துக்காகக் கொல்லப் போகிறார்கள் என்று தெரிந்ததும், பையன் போய் அவன் பக்கத்தில் நின்றுகொள்கிறான். சண்டை முடிந்த பிறகு ஆலன் தன் கோட்டிலிருந்து ஒரு வெள்ளிப் பொத்தானை அறுத்து அவனுக்குக் கொடுக்கிறான். அந்தப் பொத்தானுக்குப் பிறகு வருகிறேன்.

கப்பல் பாறையில் மோதி உடைகிறது. டேவிட் எரெய்ட் என்ற சின்னத் தீவில் கரை ஒதுங்குகிறான். மழை, குளிர். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைப் பச்சையாகத் தின்கிறான், சில நாள் வயிறு ஏற்றுக்கொள்கிறது, சில நாள் குமட்டித் தள்ளுகிறது. எதிரே மல் என்ற பெரிய தீவில் வீடுகளின் புகை தெரிகிறது. நடுவில் ஒரு கால்வாய் அளவு கடல். நீந்தத் தெரியாது. மூன்றாம் நாள் ஒரு மீன்பிடிப் படகு போகிறது, கத்துகிறான், அவர்கள் சிரித்துக்கொண்டே போய்விடுகிறார்கள். நாலாம் நாள் அதே படகு திரும்பி வருகிறது. அதில் ஒருவன் அரைகுறை ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறான். கடல் வற்றுவது என்ற ஒரு சொல் மட்டும் டேவிட் காதில் விழுகிறது. ஓடுகிறான். கால்வாய் முழங்காலளவு கூட இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு தடவை அந்தத் தண்ணீர் வடிந்து போயிருக்கிறது. நாலு நாளும் அவன் நடந்தே போயிருக்கலாம்.

"இவனுக்கு விவரமே போதாது சார்" என்றாள் ஒரு மாணவி. நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். டேவிட் மந்தமானவன், ஆலன் இல்லாவிட்டால் இந்த நாவலே இல்லை என்று பேசுவதை நான் பல காலமாகக் கேட்டிருக்கிறேன். நானும் பள்ளியில் இதைச் சுருக்கப் பதிப்பில் படித்தபோது அப்படித்தான் நினைத்தேன். அதில் இந்தத் தீவு இரண்டே வரிதான்.

ஆனால் முழுப் புத்தகத்தில் படித்துப் பாருங்கள். ஸ்டீவன்சனே சொல்கிறார், கடலோரத்தில் வளர்ந்த பையன் அந்தத் தீவில் ஒரு நாள்கூட இருந்திருக்க மாட்டான் என்று. இவன் உள்நாட்டுக் கிராமத்துப் பையன். கடல் ஏறும், வற்றும் என்பதை அவனுக்குச் சொல்ல ஒருவரும் இருந்ததில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் தனக்கு மட்டும் தெரியாமல், கரையில் இருப்பவர்கள் சிரிக்க, வழி இருந்தும் பட்டினி கிடப்பது. பெற்றவர்கள் இல்லாத பிள்ளையின் நிலையை இதைவிடப் பக்கத்தில் போய்ச் சொன்ன இடம் நான் படித்த எதிலும் இல்லை. ஸ்டீவன்சனுக்கு அந்தத் தீவு நேரில் தெரியும். அவர் குடும்பம் கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர் குடும்பம். டூ ஆர்ட்டாக் என்ற பாறையில் கலங்கரை விளக்கம் கட்ட எரெய்டில்தான் கற்களைச் செதுக்கினார்கள். 1870இல் இளைஞராக அவர் அங்கே தங்கியிருந்தார்.

எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மனத்தாங்கல் வேறு. நாவலின் நடுவில் டேவிட் கண்ணெதிரே ஒரு கொலை நடக்கிறது. அரசாங்கத்துக்காகப் பறிமுதல் நிலத்தை நிர்வகித்த கோலின் கேம்ப்பெல் சுடப்படுகிறார். உண்மையில் நடந்த கொலை அது, 1752 மே 14ஆம் தேதி. மறுநாள் குடியானவர்களை வெளியேற்றுவதாக இருந்தது. ஸ்டீவன்சன் அதை 1751க்கு மாற்றிவிட்டார். "ஆண்டையே மாற்றினால் அப்புறம் என்ன சரித்திர நாவல்?" என்று ஆசிரியர் கோபப்பட்டார். நியாயமான கோபம்தான். ஆனால் மாற்றியதை ஸ்டீவன்சன் மறைக்கவில்லை. முன்பக்கத்துச் சமர்ப்பணத்திலேயே, ஏன் மாறியது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை என்ற தோரணையில் ஒப்புக்கொள்கிறார். எனக்கு அது போதும்.

ஆசிரியர் சொன்ன மற்றொரு தகவல்தான் எல்லோரையும் உலுக்கியது. அந்தக் கொலைக்கு ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்பவரை விசாரித்தார்கள். இன்வெரரியில் விசாரணை. தலைமை நீதிபதி, கேம்ப்பெல் குலத்தின் தலைவரான ஆர்கைல் பிரபு. நடுவர்கள் 15 பேரில் 11 பேர் கேம்ப்பெல்கள். 1752 நவம்பர் 8ஆம் தேதி பல்லாஹூலிஷில் தூக்கிலிட்டார்கள். காவல் போட்டுப் பல மாதம் உடலை அங்கேயே தொங்கவிட்டார்கள். யார் சுட்டது என்று ஸ்காட்லாந்தில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

நாவலில் கொலைப் பழி தங்கள் மேல் விழ, ஆலனும் டேவிடும் மலைகளில் ஓடி ஒளிகிறார்கள். டேவிடின் பணத்தைக் கடன் வாங்கி ஆலன் சீட்டாட்டத்தில் தோற்கிறான். பையன் நாள்கணக்கில் பேசாமல் நடக்கிறான். ஆலன் குத்தலாகப் பேசுகிறான். கடைசியில் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே டேவிட் வாளை உருவுகிறான். ஆலனும் உருவுகிறான். ஒரு கணம் பார்த்துவிட்டு, "என்னால் முடியாது" என்று வாளைத் தரையில் எறிந்துவிடுகிறான். ஹென்றி ஜேம்ஸ் இந்த இடத்தை மேதைமை என்றார். என் பள்ளிச் சுருக்கப் பதிப்பில் இது சுத்தமாக இல்லை. தயவுசெய்து பிள்ளைகளுக்கு முழுப் புத்தகத்தையே வாங்கிக் கொடுங்கள். 1886 மே முதல் ஜூலை வரை, சிறுவர்கள் படிக்கும் வாரப் பத்திரிகையில்தான் முழுவதும் தொடராக வந்தது. அன்றைய பையன்களுக்குப் புரிந்தது நம் பிள்ளைகளுக்கும் புரியும்.

முடிவு பற்றித்தான் எல்லோருக்கும் குறை. ஹென்றி ஜேம்ஸின் இரண்டாவது குறையும் அதுதான். கதை முடியவில்லை, நின்றுவிடுகிறது என்றார். ஷாஸ் சொத்து உண்மையில் டேவிடுக்குச் சேர வேண்டியது; சித்தப்பாவை மடக்கி, அதன் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு அவனுக்குக் கிடைத்துவிடுகிறது. ஆலன் தப்பிக் கப்பலேற வேண்டும். எடின்பரோவுக்கு வெளியே கார்ஸ்டார்ஃபின் குன்றில் இருவரும் பிரிகிறார்கள். ஆலன் இடது கையை நீட்டுகிறான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பையன் நகரத்துக்குள் நடந்து, வங்கி வாசலில் வந்து நிற்கிறான். அவ்வளவுதான் நாவல். அழ வேண்டும் போலிருக்கிறது அவனுக்கு.

"சொத்து வந்துவிட்டதே, இன்னும் ஏன் அழுகை?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். தையற்காரர் முந்திக்கொண்டார். பொத்தானைப் பற்றிச் சொன்னார். தீவிலிருந்து தப்பி மல் தீவில் ஏறும்போது, முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் டேவிடைப் பார்த்து, வெள்ளிப் பொத்தான் வைத்திருக்கும் பையன் நீதானா என்று கேட்பார். ஆலன் முன்னாலேயே ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பான், இப்படி ஒரு பையன் வந்தால் சோறு போட்டு அனுப்புங்கள் என்று.

"பொத்தானை அறுத்துக் கொடுத்தால் கோட்டில் அந்த இடம் பல்லைக் காட்டும் அண்ணே. ஆலன் மாதிரி உடுப்பில் பெருமை உள்ள ஆளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்" என்றார். "அவன் அளந்து பார்த்தா கொடுத்தான்?"

இதன் தொடர்ச்சியாக ஸ்டீவன்சன் எழுதிய 'கட்ரியோனா' 1893இல் வந்தது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்காகச் சாட்சி சொல்ல டேவிட் படும் பாடுதான் அதன் முதல் பாதி. வரும் ஞாயிறு தொடங்குகிறோம். நன்றி, வணக்கம்.