எட்டு லைனையும் ஒரே நேரத்தில் கேட்கும் பெட்டி: வாய்ஸ் லாகரை எப்படிப் பழகுவது?

வணக்கம் மக்களே. மேஜை மேல் இருக்கிற இந்தக் கறுப்புப் பெட்டியை முன்பக்கம் பார்த்தால் ஏதோ இன்டர்நெட் ரௌட்டர் என்றுதான் தோன்றும். பின்பக்கம் திருப்புகிறேன், பாருங்கள். வரிசையாக எட்டு டெலிபோன் ஜாக், ஆர்.ஜே.11 வகை, ஓரத்தில் ஒரு லேன் போர்ட், ஒரு யூ.எஸ்.பி, பவர். அவ்வளவுதான். இதுதான் வாய்ஸ் லாகர். எட்டு டெலிபோன் லைனில் நடக்கிற பேச்சை ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பதிவு செய்து, யார் எப்போது எந்த லைனில் பேசினார்கள் என்று பட்டியல் போட்டு வைக்கும். நான்கு சேனலிலும் கிடைக்கும், பதினாறு, முப்பத்திரண்டு என்று பெரிதாகவும் கிடைக்கும், உள்ளே நடக்கிற வேலை ஒன்றுதான்.

இது யாருக்குத் தேவை என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை, பங்கு வியாபாரம், கால் சென்டர், விமானக் கட்டுப்பாடு. விமானத் துறையில் சர்வதேச விதிப்படி பதிவுகளைக் குறைந்தது 30 நாள் வைத்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் 2018 ஜனவரியில் அமலுக்கு வந்த மிஃபிட் 2 விதிப்படி நிதி நிறுவனங்கள் ஆர்டர் தொடர்பான போன் பேச்சை 5 ஆண்டு பத்திரமாக வைக்க வேண்டும். இன்னொரு விஷயம், போன் பேச்சைப் பதியும் ஆசை ரொம்பப் பழசு. 1898இல் டென்மார்க்கைச் சேர்ந்த வால்டெமார் பவுல்சன் எஃகுக் கம்பியில் காந்தமாகக் குரலைப் பதிகிற டெலிகிராஃபோன் என்ற கருவியைக் கண்டுபிடித்தார். டெலிபோனில் வரும் செய்தியை ஆள் இல்லாதபோது பதிந்து வைக்கத்தான் அதை யோசித்தார். காந்த நாடாவுக்கெல்லாம் மூத்தது டெலிபோன் ரெக்கார்டர்தான்!

சரி, பெட்டிக்கு வருவோம். முதலில் எல்லோரும் கேட்பது, இது நடுவில் உட்கார்ந்தால் போன் கெட்டுப்போகாதா என்பது. இது நடுவில் உட்காருவதே இல்லை. லைனின் இரண்டு கம்பிகளிலிருந்து பக்கவாட்டில் ஒரு ஜோடி எடுத்து இதற்குக் கொடுக்கிறோம், அதாவது பேரலல் இணைப்பு. ஓடுகிற வாய்க்காலில் விரலை வைத்துப் பார்க்கிற மாதிரிதான், தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடும். பெட்டியின் உள்தடை மிக அதிகம் என்பதால் லைனிலிருந்து அது இழுக்கிற மின்சாரம் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். பவர் போனாலும் போன் வேலை செய்யும், பதிவு மட்டும்தான் நிற்கும். ஆனால் மட்டமான பெட்டிகளில் இந்த உள்தடை குறைவாக இருந்து லைனை இழுத்துப் பிடிக்கும், அதனால் மாட்டுவதற்கு முன்பும் பின்பும் மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜ் பாருங்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் கண்ணில் படுகிற மாதிரி இருந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இப்போது நான் முக்கியம் என்று நினைக்கிற இடம். யாரோ ரிசீவரைத் தூக்கினார்கள் என்று இந்தப் பெட்டிக்கு எப்படித் தெரிகிறது?

இதோ மீட்டர். ரிசீவர் வைத்திருக்கும்போது லைனில் 48 வோல்ட் சுற்றி டி.சி இருக்கிறது. இப்போது தூக்குகிறேன். 8 வோல்டுக்கு விழுந்துவிட்டது, பார்த்தீர்களா? மணி அடிக்கும்போது இதன் மேல் 75 முதல் 90 வோல்ட் வரை ஏ.சி ஏறும், அதனால் மணி அடிக்கிற நேரத்தில் கம்பியைக் கையால் தொட வேண்டாம், சுரீரென்று இருக்கும். பெட்டி செய்வது இவ்வளவுதான்: வோல்டேஜ் ஒரு எல்லைக்குக் கீழே இறங்கினால் பதிவைத் தொடங்கு, மேலே ஏறினால் முடித்து ஃபைலை மூடு. அந்த எல்லை எத்தனை வோல்ட் என்பதை நாம் அமைக்க வேண்டும், அங்கேதான் பாதிப் பேருக்குத் தலைவலி ஆரம்பிக்கிறது.

ஏனென்றால் நேரடி டெலிபோன் லைனில் 48 வோல்ட் இருக்கும், ஆனால் அலுவலக பி.பி.எக்ஸ், அதாவது அலுவலகத்துக்குள்ளேயே இருக்கிற சின்ன எக்ஸ்சேஞ்ச், ஒவ்வொரு மேஜைக்கும் கொடுக்கும் எக்ஸ்டென்ஷனில் பல சமயம் 24 வோல்டோ 30 வோல்டோதான் இருக்கும். பெட்டியில் எல்லை 26 என்று இருந்து, உங்கள் எக்ஸ்டென்ஷன் சும்மா இருக்கும்போதே 24 என்றால், யாரோ ராப்பகலாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று அது நினைத்துக்கொண்டு முடிவே இல்லாமல் பதிவு செய்யும். ஆகவே ஒவ்வொரு லைனையும் வைத்த நிலையிலும் தூக்கிய நிலையிலும் அளந்து, இரண்டுக்கும் நடுவில் எல்லையை வையுங்கள். 24க்கும் 8க்கும் நடுவே 16 வைக்கலாம். எட்டு லைனுக்கும் ஒரே எண் போடாதீர்கள்.

அறுந்த கம்பியில் என்ன இருக்கும்? பூஜ்யம். பூஜ்யமும் எல்லைக்குக் கீழேதானே, அப்போது கம்பி அறுந்தாலும் பதிவு ஓடுமா? விவரம் தெரியாத பெட்டியில் ஓடும். நல்ல பெட்டியில் கீழேயும் ஒரு எல்லை உண்டு, 3 வோல்டுக்குக் கீழே போனால் லைன் இல்லை என்று எடுத்துக்கொண்டு எச்சரிக்கை காட்டும். வாங்கும்போது ஒரு ஜாக்கைப் பிடுங்கிப் பாருங்கள், திரையில் என்ன வருகிறது என்று. கடையிலேயே செய்துவிடலாம்.

வோல்டேஜை நம்ப முடியாத இடங்களும் உண்டு. டிஜிட்டல் எக்ஸ்டென்ஷன் போன்கள், அதாவது பட்டன்களும் விளக்குகளும் நிறைய வைத்த அந்தந்த கம்பெனியின் சொந்த போன்கள், அவற்றின் கம்பியில் குரல் அனலாகாகப் போவதில்லை. அங்கே இந்தப் பெட்டியை மாட்டினால் கிர்ரென்று இரைச்சல்தான் கேட்கும். அப்போது போனுக்கும் கைரிசீவருக்கும் நடுவில் இருக்கிற சுருள் வயரில் அடாப்டர் போட்டுக் குரலை எடுப்பார்கள். அதில் வோல்டேஜ் மாறாது, அதனால் சத்தம் வந்தால் பதிவு என்ற முறைக்கு மாற்ற வேண்டும். இந்த முறையை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. முதல் எழுத்து வெட்டுப்படும், "ஹலோ" என்பது "லோ" ஆகிவிடும், பேசுகிறவர் யோசித்துக்கொண்டு சும்மா இருந்தால் ஒரே அழைப்பு மூன்று துண்டாகிவிடும். சில பெட்டிகளில் சத்தம் வருவதற்கு முந்தைய ஓரிரு வினாடியையும் பிடித்து வைத்திருக்கும் பஃபர் இருக்கும், அது இருந்தால் முதல் சொல் தப்பிக்கும். துண்டாவதைத் தடுக்க, எத்தனை வினாடி அமைதிக்குப் பிறகு மூட வேண்டும் என்பதைத் தாராளமாக வையுங்கள்.

அடுத்தது எந்த இடத்தில் கம்பி எடுப்பது. பி.பி.எக்ஸுக்கு வெளியிலிருந்து வருகிற லைனில், அதாவது ட்ரங்க் பக்கம் எடுத்தால் வெளி அழைப்பு எல்லாம் கிடைக்கும், வரவேற்பில் ஒலிக்கும் தானியங்கிக் குரலும் ஹோல்டில் ஓடும் பாட்டும்கூட. ஆனால் உள்ளே இருந்தவர் யார் என்று தெரியாது, இரண்டு மேஜைகளுக்கு நடுவில் நடக்கும் பேச்சும் கிடைக்காது. எக்ஸ்டென்ஷன் பக்கம் எடுத்தால் ஆள் யார் என்று துல்லியமாகத் தெரியும், ஆனால் அழைப்பை வேறு மேஜைக்கு மாற்றிவிட்டால் மீதிப் பேச்சு வேறு சேனலில் வேறு ஃபைலாகக் கிடக்கும், அதைப் பிறகு நேரம் பார்த்து நாமே தேடிச் சேர்க்க வேண்டும். உங்கள் சண்டை வாடிக்கையாளரோடு வரும் என்றால் ட்ரங்க். உங்கள் ஊழியர் எப்படிப் பேசுகிறார் என்று பார்க்க வேண்டும் என்றால் எக்ஸ்டென்ஷன். பெட்டி வாங்குவதற்கு முன்பே இதைத் தீர்மானித்துவிட வேண்டும், ஏனென்றால் ட்ரங்க் நான்குதான் இருக்கும், எக்ஸ்டென்ஷன் இருபது இருக்கும், சேனல் எண்ணிக்கையே மாறிவிடும். அந்த லைனில் பிராட்பேண்டும் வருகிறது என்றால், இன்டர்நெட் சிக்னலைப் பிரித்துவிடும் ஃபில்டருக்குப் பிறகுதான் எடுக்க வேண்டும், முன்னால் எடுத்தால் சீறல் சேர்ந்து பதிவாகும்.

மாட்டியாகிவிட்டது. ஒரு அழைப்பு செய்து, ஒன்று இரண்டு மூன்று என்று பேசிவிட்டு வந்தேன், இப்போது பிரவுசரில் பெட்டியின் பக்கத்தைத் திறக்கிறேன். சேனல் 3, தேதி, தொடங்கிய நேரம், நீளம், டயல் செய்த எண், எல்லாம் வந்திருக்கிறது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். என் குரல் பெரிதாகவும் எதிர்முனைக் குரல் சன்னமாகவும் இருக்கிறதா? அனலாக் லைனில் போவதும் வருவதும் அதே இரண்டு கம்பியில்தான், இங்கிருந்து கிளம்பும் குரல் பக்கத்திலிருந்து வருவதால் பலமாக இருக்கும், அங்கிருந்து வருவது தேய்ந்து வந்து சேரும். அதற்குத்தான் ஏ.ஜி.சி என்ற தானியங்கி ஒலிச் சமன் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். இரண்டு குரலும் ஒன்றாகக் கலந்துவிட்டதால் பிறகு பிரிப்பது கஷ்டம், இருவரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டால் அவ்வளவுதான்.

பட்டியலில் இன்னொன்று கவனியுங்கள். நீளம் ஒரு நிமிடம் என்று காட்டுகிறது, நான் பேசியதோ அதைவிடக் குறைவு. ரிசீவரைத் தூக்கிய நொடியிலிருந்து ஓடுவதால் டயல் டோனும் எதிர்முனையில் மணி அடிக்கிற சத்தமும் சேர்ந்துதான் கணக்கு. போன் பில்லோடு ஒப்பிட்டுவிட்டு ஏன் பொருந்தவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எதிர்முனை எடுத்ததும் எக்ஸ்சேஞ்ச் லைனின் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால், அதைக் கண்டுபிடிக்கும் வசதி சில பெட்டிகளில் உண்டு, அப்போது உண்மையான நேரம் வரும்.

வருகிற அழைப்பின் எண் சில நேரம் வெறுமையாக இருக்கும். பல நாடுகளில் அந்த எண் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில் எஃப்.எஸ்.கே சிக்னலாக, அதாவது இரண்டு ஒலிகள் மாறி மாறி வரும் சிக்னலாக, வருகிறது. வரவேற்பில் இருப்பவர் சுறுசுறுப்பாக முதல் மணியிலேயே எடுத்தால் எண் வந்து சேர வழியே இல்லை. இரண்டாவது மணி வரை பொறுங்கள் என்று சொல்லிவையுங்கள். வேறு சில இடங்களில் முதல் மணிக்கு முன்பே டி.டி.எம்.எஃப் முறையில், அதாவது பட்டன் அழுத்தும்போது கேட்கிற ஒலிகளாக, வந்துவிடும், அங்கே இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பெட்டியின் செட்டிங்கில் எந்த முறை என்று சரியாகத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

இடம் எவ்வளவு பிடிக்கும்? டெலிபோன் குரலே 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான், வினாடிக்கு 8000 முறை குரலை அளந்து சாம்பிள் எடுத்தால் போதும். ஜி.711 என்ற முறையில் வினாடிக்கு 64 கிலோபிட், ஒரு மணி நேரத்துக்கு 28.8 எம்.பி. எட்டு லைனும் தினமும் ஐந்து மணி நேரம் பேசினால் நாற்பது மணி நேரம், 1.15 ஜி.பி. ஒரு டெராபைட் டிஸ்க்கில் 860 நாளுக்கு மேல் தாங்கும். ஜி.எஸ்.எம் முறைக்குப் போனால் மணிக்கு 6 எம்.பிக்குள் முடிந்துவிடும், ஆனால் குரல் கொஞ்சம் தகரமாகக் கேட்கும். டிஸ்க் இவ்வளவு பெரிதாகிவிட்ட காலத்தில் அந்த மிச்சம் பிடிப்பு வேண்டாம் என்பது என் கட்சி. பின்னால் பேச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருளுக்குக் கொடுக்க நினைத்தால் ஜி.711தான் கைகொடுக்கும். டிஸ்க் நிரம்பினால் பழசை அழிக்க வேண்டுமா, பதிவை நிறுத்த வேண்டுமா என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

கடிகாரம். இதை யாரும் கண்டுகொள்வதில்லை. பெட்டியின் நேரம் ஐந்து நிமிடம் தள்ளிப்போயிருந்தால் அழைப்பு இருந்தும் இல்லாத கதைதான், தகராறு என்று வந்தால் பதிவையே சந்தேகப்படுவார்கள். சரியான நேரம் சொல்லும் என்.டி.பி சர்வர் முகவரி கொடுத்து இணையத்தோடு நேரத்தைச் சேர்த்துவிடுங்கள். அதற்காகப் பெட்டியை இணையத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி போர்ட் திறந்து வைத்துவிட வேண்டாம், வந்த பாஸ்வேர்டை முதல் வேலையாக மாற்றுங்கள். யார் எந்தப் பதிவைக் கேட்டார்கள் என்ற லாக் இருந்தால் அதையும் போட்டுவையுங்கள்.

முப்பது லைன் ஒரே கேபிளில் வருகிற ஈ1 இணைப்பு, அல்லது ஐ.பி போன் என்றால் இந்தப் பெட்டி உதவாது. ஈ1க்கு வினாடிக்கு 2.048 மெகாபிட் ஓடும் கம்பியிலிருந்தே எடுக்கும் கார்டு வேண்டும். ஐ.பி போனுக்கு நெட்வொர்க் சுவிட்சில் மிரர் போர்ட், அதாவது போகிற வருகிற எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி தரும் போர்ட், போட்டு பாக்கெட்டைப் பிடிப்பார்கள், அங்கே போகிற குரலும் வருகிற குரலும் தனித்தனியாகவே கிடைக்கும், அது பெரிய நிம்மதி. ஆனால் எஸ்.ஆர்.டி.பி என்று குரலைக் குறியாக்கம் செய்திருந்தால் பிடித்தும் பயனில்லை, போன் சர்வரே குரலின் பிரதியை ரெக்கார்டருக்கு அனுப்பும் சிப்ரெக் முறைதான் வழி. அது தனி வீடியோவுக்கான சங்கதி.

கடைசியாகச் சட்டம். சில இடங்களில் பேசுகிற ஒருவருக்குத் தெரிந்தால் போதும், கலிஃபோர்னியா போன்ற இடங்களில் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். நீங்கள் இருக்கிற இடத்தில் எது என்று பார்த்துவிட்டு, எப்படியிருந்தாலும் "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று அறிவிப்பு போட்டுவிடுவதுதான் நல்லது, ஊழியர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனில் கார்டு எண் வாங்குகிறவர்கள் கூடுதல் கவனம்: கார்டின் பின்னால் இருக்கும் மூன்று இலக்கத்தை, பணம் எடுத்த பிறகு எந்த வடிவிலும் சேமிக்கக் கூடாது என்பது பி.சி.ஐ என்ற கார்டு பாதுகாப்பு விதி, ஆடியோவும் அதில் அடக்கம். அந்த நேரத்தில் பதிவை நிறுத்தி வைக்கும் வசதி உங்கள் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பெட்டியில் போனிலேயே ஒரு குறியீட்டு எண்ணை அழுத்தினால் நிற்கிறது, மறுபடி அழுத்தினால் ஓடுகிறது, சோதித்துப் பார்த்தேன், நிறுத்திய இடத்தில் சுத்தமாக அமைதி.

உங்கள் இடத்தில் எந்த பி.பி.எக்ஸ், எக்ஸ்டென்ஷனில் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று அளந்து கீழே எழுதுங்கள், எல்லை எவ்வளவு வைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம். அடுத்த வீடியோவில் சிப்ரெக்.