"ஒரு மாதிரியா இருக்கு"

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, வேலை நாளிலும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் அவர்களே, பேரூராட்சி உறுப்பினர் அவர்களே, வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுத்தீர்கள், அதற்குத் தனியாக ஒரு நன்றி.

எண்ணச் சுழற்சி நோய், அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரே காரியத்தை மறுபடி மறுபடி செய்ய வைக்கும் ஓசிடி பற்றி மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். நோயாளிக்குத் தன் நோய் தெரியுமா? தன் உணர்ச்சி தெரியுமா? மூன்றாவது, சிகிச்சை.

'தன் முதுகு தனக்குத் தெரியாது' என்பார்கள். ஓசிடி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு முதுகு நன்றாகவே தெரியும். கை சுத்தம் என்று தெரிந்துகொண்டே பத்தாவது முறை கழுவுவார்கள். மனநோய்களைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடு இந்தத் தெளிவை ஓரளவாவது உண்டு, குறைவு, அறவே இல்லை என்று மூன்று படியாக வைக்கிறது. எனக்கு முதல் படி. என் கதையையே சொல்கிறேனே.

திருச்சியில் ஒரு கல்யாணம். வீட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்தேன். தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இழுத்தேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு இறங்கி, ஆட்டோ பிடித்து வந்து இழுத்தேன். ஏழாவது இழுப்பில் பூட்டு நாதாங்கியோடு கையில் வந்துவிட்டது! சிரிக்கிறீர்கள். என் வீட்டம்மா அன்றைக்குச் சிரிக்கவில்லை. தச்சரைத் தேடிப் பிடித்து, கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் பந்தியில் மோர்தான் மிச்சம்.

அப்புறம்தான் டாக்டரிடம் போனேன்.

"பூட்டலையோன்னு தோணும்போது மனசுல என்ன இருக்கு?"

"ஒரு மாதிரியா இருக்கு சார்."

"பயமா?"

"இல்லை."

"கோபமா?"

"அதுவும் இல்லை. நெஞ்சுக்குள்ள ஏதோ சரியா உட்காரலை."

நகை, அழுகை, இளிவரல் என்று தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாட்டையும் முப்பது வருஷம் நடத்திய தமிழாசிரியன் நான். என் நெஞ்சில் இருப்பது எட்டில் எது என்று சொல்லத் தெரியவில்லை! முதுகு தெரிந்தவனுக்கு நெஞ்சு தெரியவில்லை.

இதற்கு 1970-களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் 'அலெக்சிதைமியா' என்று பெயர் வைத்தார். கிரேக்கச் சொல், உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை. இதை அளக்க டொராண்டோ பெயரில் 20 வாசகங்கள் கொண்ட அளவுகோல்கூட இருக்கிறது. ஓசிடி உள்ளவர்களிடம் இது கூடுதலாகத் தென்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என்னுடையது அச்சம்தான் என்று பிடிபட எனக்கு நான்கு மாதம் ஆனது.

அந்த நான்கு மாதமும் இரண்டு பஸ் மாறிப் போனேன். ஏன்? நம் தாலுகா ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் இல்லை. 2017-ஆம் வருஷச் சட்டம் மனநலச் சிகிச்சையை உரிமை என்கிறது. அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போட்டால் பேசுகிறார்கள், சரி, நல்லதுதான். ஆனால் 'ஒரு மாதிரி'யைப் பிரித்துக் கேட்க எதிரே ஓர் ஆள் உட்கார வேண்டாமா? வாரம் இரண்டு நாள் போதும். தன் முதுகைப் பார்க்க இன்னொரு கண் வேண்டும் என்றுதானே கேட்கிறோம்!

மூன்றாவது விஷயம்... மணி அடித்துவிட்டார்கள். செருப்பு விட்ட இடத்துக்குப் பக்கத்து மேசையில் மனு இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவைக் கொண்டுபோய்விடாதீர்கள். அது இருக்கிறதா என்று ஏழு தடவை வந்து பார்ப்பேன்.