ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறவும் பொறுக்கலாம்

(நாகை மாவட்டத்தில் ஒரு புகைப்படக் கண்காட்சித் தொடக்க விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, வேலைக்கு நடுவில் சீருடையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வனத்துறை அதிகாரி அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த தாளாளர் அம்மா அவர்களே, வரவேற்புரை என்ற பெயரில் என் நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்ட அண்ணன் அவர்களே, கேமராப் பையை மடியை விட்டு இறக்காத தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அடுத்த தடவை அதற்குப் பதிலாக ஒரு பெட்டி கொசுவர்த்தி கொடுங்கள், கோடியக்கரைக்கு அதுதான் உதவும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'இலையுதிர்காலத்தில் கடற்கரைப் பறவைகளைப் படமெடுத்தல்'. இலை உதிர்வதைப் பார்க்க ஆசைப்பட்டால் நீங்கள் வேறு ஊருக்குத்தான் போக வேண்டும். நம் கோடியக்காடு பசுமை மாறாத வறண்ட காடு. ஆனால் ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில் இங்கே வந்து இறங்குவது உதிர்கிற இலையைவிடப் பெரிய விஷயம். வெளிச்சம், லென்ஸ், தூரம் என்று மூன்றைப் பற்றிப் பேசப்போகிறேன்.

வெளிச்சம் சுலபம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். உப்பளத்துப் பக்கம் போனால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அந்த வெளுப்பு கேமராவை ஏமாற்றும். அது தானாக வெளிச்சத்தைக் குறைத்துவிடும், பறவை கரிக்கட்டையாக வரும். ஒரு படி கூட்டி வையுங்கள், சரியாகிவிடும். லென்ஸ் பற்றி அப்புறம் வருகிறேன்.

தூரத்துக்கு வருவோம். எங்கள் அப்பத்தா ஒன்று சொல்லும்: ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்க மாட்டீர்களா? என்னோடு படமெடுக்க வருகிறவர்கள் இதைக் கேட்டுக் கேட்டே சலித்துப்போனார்கள்.

கொசு உள்ளான் என்று ஒரு பறவை. சுமார் 25 கிராம் எடை. வடதுருவத்தை ஒட்டிய தூந்திரப் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து நம் சேற்றுக்கு வருகிறது. வளைந்த மூக்குள்ள உள்ளானும் அப்படித்தான். அதில் பெரியவை முன்னால் கிளம்பிவிடும். அந்த ஆண்டுக் குஞ்சுகள் தாய் தகப்பன் துணையில்லாமல் பின்னால் வந்து சேரும். முதலில் வருபவற்றின் நெஞ்சில் செங்கல் நிறம் இன்னும் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். ஆவணியில் எடுத்த படத்தையும் கார்த்திகையில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரே பறவை என்று நம்ப மாட்டீர்கள். வந்து இறங்கியதும் பெரியவை சிறகிறகுகளை ஒவ்வொன்றாக உதிர்த்துப் புதிது முளைக்க வைக்கும். உடம்பில் சேர்த்த கொழுப்பு கரைந்திருக்கும், சிறகில் ஓட்டை விழுந்திருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் நாம் போய்க் கைதட்டி விரட்டுகிறோம். எதற்கு? பறக்கிற படம் வேண்டுமாம்.

ஒரு நண்பர் கதை சொல்கிறேன், பெயர் வேண்டாம். தொப்பி முதல் பூட்ஸ் வரை இலைத்தழை அச்சிட்ட பச்சைத் துணி. அந்த உப்புத் தரையில் ஒரு மைல் தள்ளி நின்றாலும் அவர் மட்டும்தான் தெரிவார். எதிரே பூநாரைக் கூட்டம், அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வரப்பில் உப்பள வேலைக்கார அம்மாக்கள் கூடையோடு பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். ஒரு பறவைகூடத் தலை நிமிரவில்லை. தினமும் பார்க்கிற முகங்கள்! நம்மவருக்குப் பொறுமை போய்விட்டது. துண்டை உதறிக்கொண்டு, "ஹோய்" என்று கத்தியபடி ஓடினார். பூநாரைக்கு எழும்ப ஓட்டம் வேண்டும். அவையும் ஓடின, இவரும் ஓடினார். அவை எழும்பின, இவர் இறங்கினார், முழங்கால் வரை சேற்றில். ஒரு பூட்ஸ் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அந்த அம்மாக்களில் ஒருவர்தான் கூடையை வைத்துவிட்டு வந்து கைகொடுத்து இழுத்தார். இழுத்துப்போட்டுவிட்டு, "படம் வந்துச்சா தம்பி?" என்று கேட்டார். நம்மவர் கேமராவைத் திருப்பிக் காட்டினார். அந்த அம்மா வரிசையாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் முதுகாவுல்ல இருக்கு!" என்றார்.

சிரிக்கிறீர்கள், சரி. ஆனால் போட்டி நடுவர்களுக்கு அந்த அம்மாவின் பேச்சு போதும். மொத்தக் கூட்டமும் கேமராவுக்கு வாலைக் காட்டிப் பறந்தால், கலைத்தது யார் என்று கேளுங்கள். தானாக எழும்பும் கூட்டம் பெரும்பாலும் காற்றை எதிர்த்து எழும்பும். காற்று முதுகில் படும்படி வரப்பில் படுத்திருந்தால் அது உங்கள் பக்கமாகவே வரலாம். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறவும் பொறுக்கலாம்.

1967இல் வெளிமானுக்காகச் சரணாலயமான இடம் இது. 2002இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. பறவையியலாளர் சாலிம் அலியின் ஆர்வத்தால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பறவைகளுக்குக் கால்வளையம் மாட்டி ஆய்வு நடத்தியது. வளையத்து எண்ணோ, காலில் கட்டிய வண்ணக் கொடியோ படிக்கும்படி ஒரு படம் கிடைத்தால், அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளலாம். அதற்குப் பறவை நிற்க வேண்டும். கலைந்து பறக்கும் கூட்டத்தில் எந்தக் கொடியைப் படிப்பது? வெளிமானைப் பற்றியும் சொல்ல வேண்டும், நேரமில்லை. அலையாத்தி நண்டுகளுக்குத் தனிக் கூட்டமே போடலாம்.

அதிகாரி அவர்களே, அனுமதி இல்லாமல் சதுப்பின்மேல் ட்ரோன் விடுபவர்களை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். தலைவர் அவர்களே, உங்களிடம் கேட்பது வேறு. இந்த ஆண்டுப் போட்டியின் விதிமுறைத் தாள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். அதில் ஒரு வரி சேருங்கள்: 'பறவைகளைக் கலைத்து எடுத்த படங்கள் ஏற்கப்படமாட்டா.' எழுதியே கொண்டுவந்திருக்கிறேன், இதோ தாள். நன்றியுரைக்கு முன்னால் இந்த மேடையிலேயே அறிவித்துவிட்டால் கூட்டம் கைதட்டத் தயாராக இருக்கிறது. லென்ஸ் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் தேநீர் நேரத்தில் என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள்.