சிறுத்தையின் புள்ளியும் நாட்டுக் குரங்கின் கண்ணும்

[காட்சி: கல்லட்டி மலைப்பாதை, காலை வெயில்]

வணக்கம். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மசினகுடிக்கு இறங்கும்போது, சாலையோரச் சுவரில் உட்கார்ந்து வண்டிகளைக் கவனிக்கும் குரங்குகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இவை நாட்டுக் குரங்குகள். உச்சந்தலையின் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் விரிந்து, குல்லாய் கவிழ்த்தாற்போல் படிந்த முடியே இவற்றின் அடையாளம். மக்காக்கா ரேடியேட்டா என்ற அறிவியல் பெயரின் பின்பாதியும் கதிர்போல் விரிவதையே சொல்கிறது. இந்தியத் தீபகற்பத்துக்கு வெளியே இந்த இனம் இயற்கையாக வாழ்வதில்லை.

[காட்சி: தரையில் பழம் பொறுக்கும் மந்தி, அண்மையில்]

இந்த மந்தியின் கன்னத்தைப் பாருங்கள். பழங்களை மெல்லாமல் கன்னப்பைகளில் திணித்துக்கொண்டு மரத்தில் ஏறுகிறது. ஏறி அமர்ந்தபின், புறங்கையால் கன்னத்தை வெளியிலிருந்து அழுத்தி, ஒவ்வொன்றாக வாய்க்குக் கொண்டுவந்து மெல்லுகிறது. தரையில் இருக்கும் நேரம் குறைந்தால் சிறுத்தையிடம் சிக்கும் வாய்ப்பும் குறைகிறது.

அந்தச் சிறுத்தையைக் குரங்கு எதைக்கொண்டு அடையாளம் காண்கிறது? இதை அறிய, உமா ராமகிருஷ்ணன், ரிச்சர்ட் காஸ் ஆகியோர் முதுமலையிலும் களக்காடு முண்டந்துறையிலும் செய்த சோதனைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. சிறுத்தை உருவ மாதிரிகளைப் புதருக்குப் பின்னால் பாதி மறைத்து வைத்து, முன்பாதி மட்டும் தெரியும்படியும் பின்பாதி மட்டும் தெரியும்படியும் காட்டினார்கள். புள்ளியுள்ள மஞ்சள் சிறுத்தை ஒன்று, கருஞ்சிறுத்தை ஒன்று. புள்ளிச் சிறுத்தையின் பின்பாதி மட்டும் தெரிந்தபோதும் குரங்குகள் ஓடின. கருஞ்சிறுத்தையின் பின்பாதியைக் கண்டு அவை ஓடவில்லை. முகம் தெரியாதபோதும் அந்தப் புள்ளித் தோலே ஆபத்தை உணர்த்தப் போதுமானதாக இருந்தது என்பதை 2005இல் வெளியான அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை காட்டியது.

கண்ணுக்குத் தெரியாதபோது காது உதவுகிறது. நீலகிரிக் கருமந்தி, அனுமன் குரங்கு, கடமான் ஆகியவற்றின் எச்சரிக்கைக் குரல்களைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்தபோது, வேற்று இனங்களின் அந்தக் குரல்களைக் கேட்டும் நாட்டுக் குரங்குகள் ஓடின. காட்டில் உடன் வாழும் விலங்கு எதற்காகக் குரல் கொடுக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது எளிய திறமை அன்று.

[காட்சி: பந்திப்பூர் சாலை]

இதே கூர்மை மனிதர்கள் பக்கமும் திரும்புகிறது. முதுமலையை ஒட்டிய பந்திப்பூரில் ஆராய்ந்து, அனிந்தியா சின்ஹா குழுவினர் 2018இல் வெளியிட்ட முடிவின்படி, கையில் உணவு வைத்திருப்பவரை நோக்கி இந்தக் குரங்குகள் மெல்லிய குரல் எழுப்பிக் கையை நீட்டுகின்றன; அவர் தங்களைக் கவனிக்கிறாரா என்று பார்த்து, உணவு கிடைக்காவிட்டால் விடாமல் மீண்டும் கேட்கின்றன. நாம் கவனிக்கிறோமா இல்லையா என்பதை அறிந்து நடந்துகொள்ளும் ஓர் உயிர் அது.

சுவரில் இருக்கும் குரங்கு கை நீட்டும்போது மனம் இளகுவது இயல்புதான். ஆனால் ஓடும் வண்டியிலிருந்து வீசப்படும் தீனியைப் பொறுக்கச் சாலையில் இறங்கி, வளைவு திரும்பி வரும் அடுத்த வண்டியில் அடிபட்டுக் குரங்குகள் சாகின்றன. வயிற்றோடு குட்டியைச் சுமந்த மந்தியும் அதில் தப்புவதில்லை.