கம்பைல் ஆகிவிட்டது என்பதை மட்டும் நம்பி ஹெடரை நீக்காதீர்கள்

(திரையில்: ஒரு சி கோப்பின் தலைப்பகுதி. வரிசையாக இன்க்ளூட் வரிகள்.)

வணக்கம். பல ஆண்டுகள் பழகிய சி நிரல் ஒன்றைத் திறந்தால் முதல் பக்கம் முழுக்க இன்க்ளூட் வரிகளாகவே இருக்கும், அதாவது ஹெடர் எனப்படும் அறிவிப்புக் கோப்புகளை உள்ளே இழுக்கும் வரிகள். எதற்காகச் சேர்த்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. எடுத்தால் எது உடையுமோ என்று யாரும் கைவைப்பதும் இல்லை. அவற்றில் தேவையற்றவற்றை எப்படிப் பாதுகாப்பாக நீக்குவது என்று பார்ப்போம்.

இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? வேண்டும். 2022 ஜனவரியில் கெர்னல் நிரலாளர் இங்கோ மோல்னார், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்காக 2,200-க்கும் மேற்பட்ட பேட்சுகளை, அதாவது நிரல் திருத்தங்களை, முன்வைத்தார். எல்லாமே ஹெடர்களின் பின்னலை அவிழ்ப்பதற்காக. கெர்னலை பில்ட் செய்யும் வேகம் 50 முதல் 80 சதவீதம் வரை கூடும் என்பது அவர் சொன்ன கணக்கு. அந்தத் தொகுப்பு முழுதாக இணைக்கப்படவில்லை. ஆனாலும் கெர்னலில் ஹெடர்கள் எவ்வளவு நேரத்தை விழுங்குகின்றன என்பதை அது எல்லோருக்கும் காட்டிவிட்டது.

ஒரே கோப்புக்குள் ஒரு ஹெடர் இரண்டு முறை வருவதுதான் செலவு என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரிய விஷயமே இல்லை. ஒரே ஹெடர் மறுபடி சேராமல் தடுக்கும் இன்க்ளூட் கார்டு இருந்தால் ஜி.சி.சி. கம்பைலர் அதை அடையாளம் கண்டு, இரண்டாம் முறை கோப்பைத் திறக்காமலே கடந்துவிடும். உண்மையான செலவு சங்கிலியில் இருக்கிறது. ஒரு ஹெடர் இன்னும் முப்பதை இழுத்து வருகிறது. அதை ஆயிரம் சி கோப்புகள் தனித்தனியே படிக்கின்றன. அடியில் உள்ள ஒன்றைத் திருத்தினால் ஆயிரமும் மறுபடி கம்பைல் ஆகும்.

(திரையில்: மைனஸ் எச் கொடுத்த ஜி.சி.சி. வெளியீடு. புள்ளிகள் கூடக் கூட ஆழம் கூடுகிறது.)

கம்பைலருக்கு மைனஸ் எச் கொடுத்தால் இந்தச் சங்கிலி கண்முன் விரியும். முதலில் இதைப் பாருங்கள், நீக்குவதெல்லாம் பிறகு. ஒரு ஸ்ட்ரக்டுக்குச் சுட்டி (பாயின்டர்) மட்டும் பயன்படுகிறதா? அப்படியானால் முன்னறிவிப்பாக ஒரு வரி போதும், முழு ஹெடர் தேவையில்லை. அதன் உறுப்புகளைத் தொட்டாலோ அளவைக் கேட்டாலோதான் முழு வரையறை வேண்டும்.

இனி ஆபத்தான இடம். ஒரு வரியை எடுத்தோம், கம்பைல் ஆனது, ஆகவே அது தேவையற்றது என்று முடிவு கட்டுவதுதான் வழக்கம். இந்த வரியைக் கவனியுங்கள்.

(திரையில்: இஃப் மேக்ஸ்_சிபியு > 64)

மேக்ஸ்_சிபியு என்ற மேக்ரோ, அதாவது ஒரு மதிப்புக்கு இட்ட பெயர், நீங்கள் நீக்கிய ஹெடரில் 128 என்று வரையறுக்கப்பட்டிருந்தது. இப்போது அந்தப் பெயரே இல்லை. சி மொழியின் விதிப்படி, இஃப் கட்டளையில் வரும் தெரியாத பெயரை, கம்பைலுக்கு முன் ஓடும் பிரிபிராசசர் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பூஜ்யம் 64-ஐவிடப் பெரிதல்ல. அதற்குக் கீழிருந்த நிரல் பகுதி முழுவதும் மறைந்துபோகிறது. பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. டபிள்யூ-அன்டெஃப் எச்சரிக்கையை இயக்கியிருந்தால் மட்டுமே இது பிடிபடும். பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் இஃப்டெஃப் என்று எழுதியிருந்தால் அந்த எச்சரிக்கையும் கைகொடுக்காது.

அதனால் நான் நம்புவது கம்பைலர் உருவாக்கித் தரும் ஆப்ஜெக்ட் கோப்பை மட்டுமே. டீபக் தகவலை அணைத்துவிட்டு, நீக்குவதற்கு முன்னும் பின்னும் கம்பைல் செய்து இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். ஒரு நுணுக்கம் உண்டு: இன்க்ளூட் வரியை அழிக்காமல், சோதனை முடியும்வரை அங்கே வெற்று வரியை விட்டுவையுங்கள். அழித்தால் கீழுள்ள வரி எண்கள் எல்லாம் ஒன்று குறையும். கெர்னலின் பக்_ஆன் போன்ற பிழை கண்டறியும் மேக்ரோக்கள் வரி எண்ணை ஆப்ஜெக்டுக்குள் பதிப்பதால், மாற்றம் இல்லாத இடத்திலும் வேறுபாடு தெரியும்.

ஒரு கான்ஃபிகில், அதாவது கெர்னல் அமைப்புத் தேர்வுகளின் ஒரு தொகுப்பில், ஒத்துப்போனால் போதாது. எக்ஸ்86 செயலியில் வேறு வழியாக வந்து சேர்ந்த ஹெடர் ஆர்ம்-இல் வராமல் போகலாம். ஆல்மாட்கான்ஃபிக், ஆல்நோகான்ஃபிக், சில ராண்ட்கான்ஃபிக் என்று வெவ்வேறு கான்ஃபிகுகளில் ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

இன்க்ளூட்-வாட்-யூ-யூஸ் போன்ற கருவிகள் பட்டியல் தரும், நல்ல தொடக்கம்தான். ஆனால் அவை பொது ஹெடருக்குப் பதிலாக அதன் உள்ளே ஒளிந்திருக்கும், குறிப்பிட்ட செயலி வகைக்கான ஏ.எஸ்.எம். ஹெடரைப் பரிந்துரைப்பதுண்டு. கெர்னல் மரபு அதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு பரிந்துரையையும் படித்துத்தான் ஏற்க வேண்டும்.

கடைசியாக, ஒரு பேட்சில் ஒரே ஒரு ஹெடரை நீக்குங்கள். ஏன் தேவையில்லை, எந்தெந்த கான்ஃபிகில் சோதித்தீர்கள் என்பதை கமிட் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர், எந்த மாற்றத்தில் பிழை நுழைந்தது என்று தேடும் கிட் பைசெக்ட் கட்டளையை ஓட்டி அந்த கமிட்டில் வந்து நிற்கும்போது, அவருக்குத் தேவைப்படுவது அந்த இரண்டு வரிகள்தான்.