ஒல்லியான ஆளுக்கு ஏன் சுகர்?

நேயர்களுக்கு வணக்கம்.

2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. இரண்டு டாக்டர்கள் சேர்ந்து நிற்கும் புகைப்படம் ஒன்று, அதன் கூடவே சில வரிகள். ஒருவர் புனே கே.ஈ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் அச்சாக ஒன்றுதான், 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. யட்கின் மாரத்தான் ஓடுபவர். யாஜ்னிக் ஓடுவதெல்லாம் காலையில் லிஃப்ட் கதவு மூடுவதற்குள்தான் என்று தங்களையே கேலி செய்துகொண்டார்கள். கூடவே, யாஜ்னிக் எடை குறைவாகப் பிறந்த குழந்தை என்றும் எழுதியிருந்தார்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

"நான் ஒல்லிதானே டாக்டர், இனிப்புகூடத் தொடமாட்டேனே" என்று ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். பிறந்தபோது என்ன எடை என்று கேட்டால் முழிப்பார்கள். கூட வந்த அம்மாதான், "குறைமாசம் இல்லீங்க, ஆனா கையளவுதான் இருந்தான்" என்பார்.

புனேவைச் சுற்றியுள்ள கிராமங்களில் யாஜ்னிக் குழுவினர் அளந்த குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, வயிற்று உறுப்புகள் சிறியவை. முதுகுத் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. இன்சுலின் சொல்லுக்கு முதலில் கட்டுப்பட வேண்டியது தசைதான். அது கேட்காவிட்டால் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கும். அதனால் சர்க்கரை அளவு பல வருஷம் நார்மலாகவே காட்டும்; கணையம் ஈடுகொடுக்க முடியாமல் போனதும் சுகர். தசை இப்படிச் சொல் கேட்காமல் போவதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம்.

இதில் எபிஜெனெடிக்ஸ், அதாவது மரபணு மாறாமலே அதன் வேலை மட்டும் மாறுவது, எங்கே வருகிறது? 'க' என்ற எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வையுங்கள், 'க்' ஆகிவிடும். எழுத்து அதேதான், ஓசை அடங்கிவிட்டது. மரபணுவின் மேல் மீத்தைல் என்ற சிறு வேதித் துணுக்கு ஒட்டிக்கொள்வதும் பெரும்பாலும் அப்படித்தான். கர்ப்பத்தில் கிடைக்கும் சாப்பாடு, எங்கே புள்ளி விழும், எங்கே விழாது என்பதை ஓரளவு மாற்றுகிறது.

1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர்கள் உணவு வரத்தைத் தடுத்ததால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் கிடந்தது. மக்கள் துலிப் கிழங்கைக்கூடத் தின்றார்கள். அப்போது வயிற்றில் இருந்தவர்களுக்கு ஐம்பது வயதில் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்தால், இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை கூடுதலாக நின்றது. அந்தப் பஞ்சத்தின்போது கருவானவர்களின் ஐ.ஜி.எஃப்.2 என்ற வளர்ச்சி மரபணுவில், உடன்பிறந்தவர்களைவிடப் புள்ளிகள் குறைவாக இருந்ததை 2008இல் கண்டார்கள். அறுபது வருஷமாகியும் மறையாத தடம்! ஆனால் அந்த ஒரு மரபணுவால்தான் சுகர் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது இன்னும் நிரூபணமாகவில்லை.

புள்ளி வைக்க மீத்தைல் வேண்டும். அதைத் தயாரிக்க ஃபோலேட், பி12 என்ற இரண்டு வைட்டமின்களும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். புனே தாய்மாரில் சுமார் மூன்றில் இருவருக்கு பி12 குறைவு. பி12 குறைந்து ஃபோலேட் மட்டும் மிகுந்திருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்குத்தான் ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு அதிகமாக இருந்தது. இதைக் கேட்டுவிட்டு, ஃபோலேட் தரும் ஃபோலிக் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், தாய்மார்களே. குழந்தையின் தண்டுவடத்துக்கு அது அவசியம். பால், தயிர், முட்டை, மீன் போதுமான அளவு சேர்க்காதவர்கள் பி12ஐயும் பார்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

அப்படியானால் பிறந்து வளர்ந்தவர்கள் என்ன செய்வது? ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத இளைஞர்களை சைக்கிள் மிதிக்கவைத்து, முன்னும் பின்னும் தொடைத் தசையில் சிறு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். தசையின் எரிசக்தி வேலையைக் கவனிக்கும் சில மரபணுக்களில் அன்றைக்கே புள்ளிகள் குறைந்திருந்தன. அது 2012இல் வெளிவந்தது. அந்த ஒல்லித் தம்பிக்கு நான் எழுதிக்கொடுக்கும் சீட்டில், அதனால்தான் மாத்திரைக்கு மேலே நடை என்று முதலில் எழுதுகிறேன்.

நன்றி, வணக்கம்.